ஒண்ணரை மணி நேரமும் இருபது நிமிசமும்

ஒட்டுக்கேட்டன்னு நெனைச்சுக்காத கண்ணு. பஸ் அன்னூர் தாண்டுனதுல இருந்து நீ போன்ல பேசறது என்ற காதுலதான் உளுந்துக்கிட்டிருக்குது. "மெதுவா ஒரு மணி நேரம் நடக்கறதுக்கு, இருபது நிமிசம் மூச்சு வாங்க ஓடுங்க மேடம், கொழுப்பு தானாக் கரையும்"னு யாருக்கோ சொல்லிக்கிட்டிருந்தியே. ஜிம்முல சொல்லிக்குடுக்கற வேலையா? பார்த்தாப் பச்சைப்புள்ளையாட்ட இருக்கறே. நல்ல வேலைதான் போ. ஊருல தின்னுட்டு உக்காந்திருக்கறவங்க இருக்கற வரைக்கும் உனக்குப் பஞ்சமில்லை.

அந்த மேடத்துக்கு நீ சொன்னது நெசமா, பொய்யான்னு நான் சொல்றேன் கேளு. எங்க வீட்டுல ரெண்டையும் பண்ணிப் பார்த்தாச்சு. எங்கூட்டுக்காரரு ஒண்ணரை மணி நேரம் மெதுவா நடந்தாரு. என்ற கொழுந்தனாரு இருபது நிமிசம் பேய் புடிச்சாப்பல ஓடுனாரு. ரெண்டு பேத்தையும் வாராவாரம் எடை போட்டோம். எங்க போட்டோம்னு நெனைக்கறே? மண்டில, மஞ்சள் மூட்டை எடை போடற தராசுல.

கோபில எங்களுக்கு மஞ்சள் மண்டி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்துதான் நடத்தறாங்க. ரெண்டு பேத்துக்கும் ஒரே ஒடம்பு வாகு. உக்காந்தா எந்திரிக்கறதுக்குக் கையை ஊனணும். இவங்க ரெண்டு பேத்தையும் நடக்க வெச்சது யாருன்னா, என்ற நங்கையா. எங்கூட்டுக்காரருக்கு அக்கா. பேரு தெய்வாத்தாள். பேருதான் தெய்வம். இருபத்தாறு வருசமா என்ற கொழம்புல ஒரு நாளாச்சும் உப்பு சரியா இருந்ததில்லை அவங்களுக்கு. அவிநாசில இருந்து வருவாங்க, சட்டியைத் தொறப்பாங்க, மூஞ்சியைச் சுளிப்பாங்க, ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுவாங்க.

ஆனா நாயம்னு ஒண்ணு இருக்குதல்ல. என்ற மாமியாளை நான் கண்ணுலயே பார்த்ததில்லை. எங்கூட்டுக்காரருக்கு ஒம்பது வயசு, கொழுந்தனாருக்கு நாலு வயசு, அப்பவே அந்தம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. நங்கையாதான் பள்ளிக்கூடத்தை நிறுத்திப்போட்டு இவங்களுக்குச் சோறாக்கி, துணி தொவைச்சு, ஆளாக்குனது. இவங்க ரெண்டு பேரும் காலூனற வரைக்கும் நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு இருபத்தெட்டு வயசு வரைக்கும் உக்காந்திருந்தாங்க. அதை வருசத்துக்கு நாலு தரம் சொல்லியும் காட்டுவாங்க.

போன வருசம் ஐப்பசில அவங்களுக்குக் கண்ணு மஞ்சளாச்சு. எங்க மண்டி மஞ்சள் பூரா அவங்க கண்ணுல ஏறிக்கிட்டாப்பல அப்படி ஒரு மஞ்சள். வவுறு வேற வீங்கிப்போச்சு. கோயமுத்தூருக்குக் கூட்டியாந்து காட்டுனா, ஈரல் பூராப் போச்சுன்னுட்டாங்க. ஒறம்பரைல, சொந்தபந்தத்துல என்ன பேசுனாங்க தெரியுமா? ஒளிச்சு வெச்சுக் குடிச்சிருக்கும்னு. காப்பில சர்க்கரை பத்தலைன்னு சண்டை புடிக்கறதைத் தவிர வேற ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத பொம்பளை அது. குடிக்காதவங்களுக்கும் வருமாம். கொழுப்புப் படிஞ்சு படிஞ்சு ஈரல் கல்லாகிப் போகுமாம்.

கூடப்பொறந்தவங்க யாராச்சும் ஈரல்ல பாதி அறுத்துக் குடுத்தாப் பொழைக்கும், இல்லைன்னா சித்திரை தாண்டாதுன்னாரு டாக்டரு. குடுக்கறவங்களுக்கு ரெண்டு மூணு மாசத்துல திரும்ப வளர்ந்துருமாம். நங்கையா வீட்டுக்காரருக்கு ரத்தம் சேரலை. ஒரே மக, அவ மாசமா இருந்தா. அப்புறம் யாரு? இந்த ரெண்டு மூட்டைதான்.

ஸ்கேன் எடுத்தாங்க. ரெண்டு பேத்துக்கும் ஈரல்ல கொழுப்பு. எங்கூட்டு ஆளுகளுக்குக் கொழுப்பு சாஸ்தின்னு எனக்கு முன்னமே தெரியும், ஈரல்லன்னுதான் தெரியாது. எங்கூட்டுக்காரருக்கு நூத்துக்குப் பதினெட்டு, கொழுந்தனாருக்கு இருபத்தொண்ணு. பத்துக்குக் கீழ வந்தாத்தான் கத்தி வெப்பேன், எட்டு வாரம் டைம்னாரு டாக்டரு. அப்புறம் ரெண்டு பேத்தையும் தனித்தனியா ஒரு ரூம்புக்குள்ள கூட்டிட்டுப் போய் என்னமோ பேசுனாரு. வெளிய வந்து ரெண்டு பேருமே வாயைத் தொறக்கலை.

எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. கொழுப்பு மட்டும் எறங்கிட்டா உங்க வீட்டுக்காரருதான் என்னோட முதல் ஆளு, அவருக்குப் பித்தக் குழாய் ஒத்தையா நேரா வருது, தம்பிக்கு அது ரெண்டாப் பிரியுது, வெட்டி ஒட்டறது கொஞ்சம் சிரமம்னு. எனக்கென்ன தெரியும்? குழாய்ன்னா எனக்குத் தண்ணிக் குழாய்தான். சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஓடறதா நடக்கறதான்னு கேட்டதுக்கு, எது வேணாலும் பண்ணுங்க, தினமும் பண்ணுங்க, வாயைக் கட்டுங்கன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ஆனா மண்டில வந்து அண்ணனும் தம்பியும் அதுக்கு ஒரு பட்டிமன்றம். கொழுந்தனாரு போன்ல வீடியோ பார்க்கறவரு. வேகந்தாண்ணா முக்கியம், நெஞ்சு படபடன்னு அடிக்கணும், அப்பத்தான் கொழுப்பு எரியும்னாரு. அரை மூட்டை மஞ்சளைத் தோளுல போட்டுக்கிட்டு குடோன் சரிவுல மேல ஓடறது, கீழ ஓடறது, ரெண்டு நிமிசம் நின்னு இரைக்கறது, மறுக்கா ஓடறது. இருபது நிமிசம். மூட்டை தூக்கற ஆளுகெல்லாம் வரிசையா உக்காந்து பீடி புடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தாங்க. மொதலாளி இப்படியே ஓடுனா நாங்க வேற மண்டிக்குப் போயறோம்னு ஒருத்தன் கேலி வேற.

எங்கூட்டுக்காரரும் ஓடறேன்னுதான் சொன்னாரு. நாந்தான் விடலை. அம்பத்தி மூணு வயசுல ஓடுனா நெஞ்சைப் புடிச்சுக்கும், நீங்க வாய்க்காக் கரைல மெதுவா நடங்க, வேணும்னா எச்சா நேரம் நடங்கன்னேன். அதுக்கு முந்தின நாளு டிவில ஒரு டாக்டரம்மா, மெதுவா நடந்தாக் கொழுப்பு கரையாது, வேகம் வேணும்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் அதைக் கேட்டேன்தான். அதுக்காகத்தான் இவரை மெதுவா நடக்கச் சொன்னேன்னு நீ நெனைச்சா அது உன்ற தப்பு.

நான் சொன்னபடியே பொட்டாட்ட நடந்தாரு. வெடியால அஞ்சரைக்குக் கெளம்பி, பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வர ஏழு மணியாகும். வழில நாலு பேத்துக்கிட்டப் பேச்சு, எருமைக்கு ஒதுங்கி நிக்கறது, அப்படியொரு நடை. இதுல எங்க கரையப் போகுதுன்னு நான் நிம்மதியா இருந்தேன். நிம்மதின்னா, நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதுங்கற நிம்மதி.

திங்கக்கெழமை திங்கக்கெழமை மண்டித் தராசுல ஏறுவாங்க. மொத வாரம் கொழுந்தனாரு ஒரு கிலோ, இவரு ஒண்ணேகால். சரி, அது தண்ணியா இருக்கும்னு விட்டேன். நாலாவது வாரம் பார்த்தாக் கொழுந்தனாரு நாலு கிலோ எறங்கியிருக்காரு, இவரும் நாலு. நூறு கிராம் வித்தியாசமில்லை கண்ணு. அவரு மூச்சு முட்ட ஓடி எறக்குனதை இவரு ஊர்க்கதை பேசிக்கிட்டே எறக்கிப்போட்டாரு. நேரத்தை எச்சாப் போட்டா மெதுவா நடந்தாலும் கரையுது. உன்ற மேடத்துக்கிட்ட இதையும் ஒரு வார்த்தை சொல்லிரு.

எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்குப் பொக்குனு போயிருச்சு.

நீயே சொல்லு. எனக்கு ஒரே பையன், பெங்களூர்ல. அவன் ஒரு தீவாளி நோம்பிக்கு வந்தா மறு நோம்பிக்கு வர மாட்டான். எனக்கு இவரை விட்டா யாரு? நல்லா இருக்கற மனுசன் வவுத்தைக் கிழிச்சுப் பாதி ஈரலை எடுக்கறதாம், திரும்ப வளருமாம். வளரலைன்னா யாருக்கிட்டப் போய்க் கேக்கறது? கையெழுத்துப் போடற காயிதத்துல, ஆயிரத்துல ஒருத்தரோ ரெண்டு பேரோ சாகவும் வாய்ப்பிருக்குதுன்னு போட்டிருக்குது. அந்த ஒருத்தரு யாருன்னு போடலை.

டாக்டரு ஒரு சாப்பாட்டுச் சீட்டுக் குடுத்திருந்தாரு. கேழ்வரகுக் களி, கொள்ளு, கீரை, நாளைக்கு ரெண்டு கரண்டி எண்ணெய். அதைத்தான் பண்ணிப் போட்டேன். சீட்டுல இருக்கறதுதான். ஆனா களி தொண்டைல எறங்க வேண்டாமா? எங்ககிட்ட ரெண்டு எருமை இருக்குது. வாரத்துக்கு ரெண்டு தரம் வெண்ணெய் உருக்குவேன், முருங்கை இலை போட்டு. அந்த நாலாவது வாரத்துல இருந்து, களி கிண்டி எறக்கறப்ப ரெண்டு கரண்டி நெய்யை விட்டுப் பிசைஞ்சு உருட்டிருவேன். மேல ஊத்துனாத்தானே தெரியும்? உள்ள போட்டா களி கொஞ்சம் வழவழன்னு இருக்கும், அவ்வளவுதான். கீரைக் கடைசல்ல நெலக்கடலை அரைச்சு விட்டேன். ஞாயித்துக்கெழமை அரிசிம்பருப்புச் சோறு. அதுக்கு நெய் ஊத்தாம நம்ம பக்கத்துல எவ ஆக்குவா? ரெண்டு கரண்டி நாலாச்சு, ஆறாச்சு. நடந்து களைச்சு வர்ற மனுசன், வவுறு காயக் கூடாதில்ல.

அவரு ஒண்ணும் கேக்கலை. ஒரு நாளு மட்டும், இன்னைக்குக் களி நல்லா எறங்குது ருக்குன்னாரு. இன்னொரு உருண்டை போடுன்னாரு.

அஞ்சாவது வாரம் தராசு அசையலை. ஆறாவது வாரம் ஒரு கிலோ ஏறியிருந்துச்சு. மண்டியாளுக பூரா, மெதுவா நடந்தா இப்படித்தான், சின்ன மொதலாளி சொன்னதுதான் சரின்னு பேசிக்கிட்டாங்க. எங்கூட்டுக்காரரு ஒண்ணரை மணி நேரத்தை ரெண்டு மணி நேரமாக்குனாரு. நான் ஆறு கரண்டியை எட்டாக்குனேன்.

அக்கட்ட என்ற ஓரகத்தி, கொழுந்தனாரு பொண்டாட்டி சுலோச்சனா, அவ ஒரு வெவரங்கெட்டவ. டாக்டரு ரெண்டு கரண்டின்னா ரெண்டு கரண்டிதான் ஊத்துவா, அதையும் வழிச்சு விடுவா. தினமும் எனக்குப் போன். "அக்கா, இவரு பசில அழுகறாருக்கா, ஒரு முறுக்குக் குடுடீன்னு கெஞ்சறாரு, நான் குடுக்கலைக்கா." குடுக்காதடின்னு சொன்னேன். மாமனுக்கு எப்படிக்கா இருக்குதுன்னு கேப்பா. என்னமோ எறங்க மாட்டீங்குது, அவரு ஒடம்பு வாகு அப்படின்னு சொன்னேன்.

எட்டு வாரம் முடிஞ்சு ஸ்கேன் எடுத்தாங்க. கொழுந்தனாருக்கு ஏழு, எங்கூட்டுக்காரருக்குப் பதினாறு. ரெண்டு மணி நேரம் நடந்துமான்னு டாக்டரு கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டாரு. எங்கூட்டுக்காரரு தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. நான் சொவத்துல மாட்டியிருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். சரி, குழாய் ரெண்டா இருந்தாலும் பார்த்துக்கலாம், தம்பியே வரட்டும்னு தையில நாள் குறிச்சாங்க.

அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லட்டுமா? சந்தோசமா இருந்துச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திக்கிட்டு சாமிக்கு வெளக்குப் போட்டேன்.

பன்னெண்டு மணி நேரம் ஆபரேசன். நங்கையா பொழைச்சுக்கிட்டாங்க. கண்ணு முழிச்சு மூணாம் நாளு கஞ்சி குடுத்தாங்க, இதுல என்னடி உப்பே இல்லைன்னு நர்ஸம்மாவைப் புடிச்சுக்கிட்டாங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இனி அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு.

ஆனது கொழுந்தனாருக்கு. வெட்டுன எடத்துல பித்தம் கசியுதுன்னாங்க. ரெண்டு குழாய்ல ஒண்ணு சரியா மூடலை. காய்ச்சல், மறுக்கா வவுத்துல ஓட்டை, ஒரு டியூப், டியூப் நுனில ஒரு பை. நாப்பத்தேழு நாளு ஆஸ்பத்திரில கெடந்தாரு. அரை மூட்டையைத் தோளுல போட்டுக்கிட்டு ஓடுன மனுசன், தண்ணி டம்ளரைத் தூக்கறதுக்கு ரெண்டு கை வேணும்னு ஆகிப்போச்சு. குழாயைப் பத்தி டாக்டரு சொன்னப்ப எனக்குப் புரியலைன்னு சொன்னனே, அது பொய் கண்ணு. நல்லாப் புரிஞ்சுது.

தினமும் கோபில இருந்து பஸ் ஏறி வந்து அந்தப் பையை நாந்தான் கொட்டிக் கழுவுனேன். சுலோச்சனா அசந்து உக்காந்திருப்பா. யாருக்கிட்டயும் விடலை, நானே பண்ணுனேன். ஒரு நாளு அவ என்ற தோளுல சாஞ்சுக்கிட்டு, "நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்னக்கா பண்ணியிருப்பேன்"னு அழுகறா. பக்கத்துப் படுக்கைக்காரி, கூடப்பொறந்தவகூட இப்படிப் பார்க்க மாட்டான்னு என்னையப் பாராட்டறா. எனக்கு எந்திரிச்சு எங்காச்சும் ஓடிப்போயறலாம்னு இருந்துச்சு.

இல்ல, இப்பத் தேவலை. நல்லாத்தான் இருக்காரு. மூட்டை தூக்கக் கூடாது, மேசைல உக்காந்து வேவாரம் பார்க்கறாரு.

கொழுந்தனாரை வீட்டுக்குக் கூட்டியாந்த அன்னைக்குத்தான் எனக்கு அடக்க முடியலை. சோறு போட்டுக்கிட்டிருக்கறப்பவே எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போட்டேன். ஏனுங்க, அந்தக் களில நாந்தான் நெய்யை விட்டுப் பிசைஞ்சேன், உங்களைக் கெடுத்தது நாந்தான், என்னைய அடிச்சாலும் அடிங்கன்னு. அவரு தட்டைத் தள்ளி வெச்சாரு.

"தெரியும்"னாரு.

எப்படின்னேன்.

"வெண்ணெய் உருக்குனா வாய்க்காப் பாலம் வரைக்கும் மணக்குது ருக்கு. அப்புறம் நெய் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

தெரிஞ்சுக்கிட்டே ஏனுங்க தின்னீங்கன்னு கேட்டேன். அப்பத்தான் அந்த ரூம்புக்குள்ள டாக்டரு என்ன பேசுனாருன்னு சொன்னாரு. பயமா இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லிருங்க, உங்க ஈரல் பொருந்தலைன்னு நானே உங்க வீட்டுல சொல்லிக்கறேன், யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாராம்.

"எனக்கு வாய் வரலை. எங்கக்காளுக்குக் குடுக்க மாட்டேன்னு எப்படிச் சொல்றது? நீ களியைக் கொண்டாந்து வெச்சே. சாப்பிட்டுட்டேன்."

எனக்கு வந்துச்சு பாரு கோவம். நாப்பத்தேழு நாளு நான் ஒருத்தியாத் தூக்கிச் சொமந்திருக்கறேன் அந்தப் பாவத்தை. சாமியறைக்குள்ள போக முடியலை, சுலோச்சனா மூஞ்சியைப் பார்க்க முடியலை. இந்த மனுசன் பாதியை வாங்கிக்காம ஓரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்திருக்காரு. நல்லாத் திட்டுனேன். ஆனா திட்டறப்பவே அவரு மேல பரிதாபமாவும் இருந்துச்சு. நான் பயந்ததை நான் நெய்யா ஊத்துனேன், அவரு பயந்ததை அவரு தின்னாரு. வேற என்னத்தைச் சொல்றது.

மறுநாள் வெடியால அவரு பாட்டுக்கு எந்திரிச்சு நடக்கப் போயிட்டாரு. யாரும் போகச் சொல்லலை. அன்னைல இருந்து ஒரு நாளு விட்டதில்லை. மழை பேஞ்சாலும் கொடையைப் புடிச்சுக்கிட்டுப் போவாரு. நெய்யைத் தொடறதில்லை. ஆறு மாசத்துல பதினாலு கிலோ. அதா, டிரைவருக்குப் பின்னால கம்பியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு பாரு, சட்டை தொளதொளன்னு இருக்கே, அவருதான் எங்கூட்டுக்காரரு.

இன்னைக்கு என்னைய எதுக்குக் கோயமுத்தூருக்குக் கூட்டியாந்தாருன்னு நெனைக்கறே? ஸ்கேன் எடுக்கணும்னாரு. உங்களுக்கு என்னங்க கொறைன்னு கேக்கறதுக்குள்ள பஸ் ஏறிட்டாரு. அதே டாக்டருதான். படத்தைப் பார்த்துட்டு, அருமை, கொழுப்பு மூணுதான் இருக்குது, சின்னப் பையன் ஈரலாட்டம் இருக்குதுன்னாரு. எங்கூட்டுக்காரரு கையைக் கட்டிக்கிட்டு, "இப்ப இருந்தா எடுத்துக்குவீங்களா?"ன்னு கேட்டாரு. டாக்டரு விளையாட்டுன்னு நெனைச்சுச் சிரிச்சாரு. தாராளமா எடுத்துக்கலாம், ஆனா இப்ப யாருக்குங்க வேணும்னாரு. இவரும் கூடச் சிரிச்சாரு. வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதாரு பாரு. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல அவரு அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.

இரு, எறங்கற எடம் வருதா? இல்ல, இது நம்பியூரு. இன்னும் நேரம் இருக்குது.

நங்கையா ஞாயித்துக்கெழமைதான் வந்துட்டுப் போனாங்க. இப்பக் கன்னமெல்லாம் வெச்சு நல்லா இருக்காங்க. இவரு மூஞ்சியை ரெண்டு கையிலயும் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, எம்பக்கம் திரும்புனாங்க. "தம்பியை இப்படிக் காயப்போட்டு வெச்சிருக்கறயே, வவுத்துக்கு ஏதாச்சும் போடறியா இல்லையாடி?" ஒறம்பரை அத்தனை பேரு முன்னாலயும் கேட்டாங்க. மத்த எதுக்குன்னாலும் நான் ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பிக் குடுத்துருவேன். அன்னைக்குக் காப்பி போடறேன்னு அடுப்படிக்குப் போயிட்டேன். எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

திட்டட்டும் கண்ணு. திட்டறதுக்கு உசுரோட இருக்குது. அந்த உசுருல எங்கூட்டுக்காரருகிட்ட இருந்து ஒரு துளி போகலைங்கறது ஊருக்கே தெரியும். ஏன் போகலைங்கறது எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும், இப்ப உனக்கும்.